‘ஸ்பேஸ் ரிச்சுவல்’ இசைத்தட்டை மறுபடி கேட்கும்போது

ஹாக்விண்ட் என்ற ஆங்கில ராக் குழுவின் இந்த வினைல் ஆல்பத்தைப் பல வருஷம் கழித்து எடுத்துப் போடுபவர்கள் “ஒரே இரைச்சல், ஒன்றும் பிரியவில்லை” என்பார்கள். பெரும்பாலும் கோளாறு ஊசியிலும் தூசியிலும்தான். 1972 டிசம்பரில் லிவர்பூலிலும் லண்டன் பிரிக்ஸ்டனிலும் மேடையில் பதிவாகி, 1973இல் இரட்டைத் தட்டாக வந்தது. சில பக்கங்கள் 20 நிமிடத்தைத் தாண்டும். அவ்வளவு நீளத்துக்குப் பள்ளங்களை நெருக்கி, ஒலி அளவையும் அடக்கித்தான் வெட்ட முடியும். அதனால் சின்னத் தூசியும் பொரிந்து கேட்கும்.

முதலில் கழுவுங்கள். 750 மி.லி. டிஸ்டில்டு வாட்டர், 250 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மணமில்லாத பாத்திர சோப்பு இரண்டு சொட்டு. பிரஷ் பள்ளத்தின் போக்கிலேயே சுற்றணும், லேபிள் நனையக் கூடாது. கடைசியில் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசாவிட்டால் காய்ந்த சோப்பு ஊசி முனையில் அப்பிக்கொள்ளும். (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டுக்கு இந்தக் கலவை ஆகவே ஆகாது. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.)

அடுத்து, பக்கங்களின் கடைசிப் பாட்டுகள். தட்டின் விளிம்பில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஊசிக்கடியில் ஓடும், லேபிளை நெருங்கும்போது 21 செ.மீ.தான். உச்ச ஒலியின் நெளிவுகள் அங்கே நெரிந்து கிடக்கும். மூன்றாம் பக்கம் முடிகிற ‘பிரெயின்ஸ்டார்ம்’ அங்கேதான் இருக்கிறது. நிக் டர்னரின் சாக்ஸபோன் அங்கே கரகரத்தால் புரோட்ராக்டர் என்கிற கோண அட்டையை வைத்து, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தைப் பாருங்கள். ஊசி தட்டை அழுத்தும் எடையைக் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல்பாதியில் வையுங்கள். எடை குறைந்தால் ஊசி துள்ளிப் பள்ளச் சுவரைச் செதுக்கிவிடும்.

இதெல்லாம் சரியானால் டிக் மிக்கின் ஆடியோ ஜெனரேட்டரும் (மின்னொலி எழுப்பும் கருவி) டெல் டெட்மாரின் சிந்தசைசரும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும். லெம்மி பேஸ் கிட்டாரில் ரிதம் கிட்டார்போல கார்டு (பல சுரங்களை ஒருசேர) அடிப்பது அப்போதுதான் புரியும். அபாரமான வாசிப்பு!

*

சத்தமாக வைத்தால்தான் இதற்கு மரியாதை. ஆனால் ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே மேசையில் இருந்தால் அந்த பேஸ் அதிர்வு ஊசிக்கே திரும்பி வந்து ஊளையிடும். மோட்டாரை நிறுத்திவிட்டு, ஊசியைத் தட்டின்மேல் இறக்கி, வால்யூமை மெல்ல ஏற்றி மேசையை விரலால் தட்டிப் பாருங்கள். ‘டம்ம்’ என்று நீண்டால் டர்ன்டேபிளைத் தனி அலமாரிக்கு மாற்றுங்கள்.

பார்னி பபிள்ஸ் வடிவமைத்த விரிப்பு அட்டை மடிப்புகளில் கிழியும். செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகி அச்சையும் பிய்த்துவிடும். தட்டுகளை வேறு வெள்ளை உறையில் போட்டு, வெறும் அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் தனியாக வையுங்கள்.