அப்புச்சி ரத்தத்தில் முளைத்த கோரை

பெருந்துறைப் பக்கம் மஞ்சள் போடும் என் அப்புச்சிக்கு 76 வயது. போன வருடம் வரப்பில் நடந்தாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஹீமோகுளோபின் 9. பக்கத்தில் ஓர் இடத்தில் நாலு மாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், துளியும் ஏறவில்லை.

அப்புறம் கோயம்புத்தூர் கூட்டிப்போனோம். சிவப்பணுக்கள் பெரிது பெரிதாக இருக்கின்றன, வைட்டமின் பி12 குறைந்தால் அப்படி ஆகும் என்று அதைப் பார்த்தார்கள். எலும்பு மஜ்ஜையில் கோளாறு இருக்குமோ என்று மரபணுப் பரிசோதனைக்கும் ரத்தம் போனது. பி12 அதலபாதாளம். பழனிக்கு வேண்டிக்கொண்டு கவிச்சியை விட்டவர், சர்க்கரைக்குப் பன்னிரண்டு வருடமாக மெட்பார்மின் போடுகிறவர். அந்த மாத்திரை பி12-ஐக் குறைக்கும் என்று அதுவரை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஊசி போட்டு மூன்று மாதத்தில் 13.2 வந்துவிட்டது.

ஆனால் மரபணு ரிப்போர்ட்டில் 'டெட்-2' மரபணுவில் மாற்றம் என்று இருந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு ரத்தப் புற்றுநோய் என்று போனில் சொல்ல, அம்மாயி இரண்டு நாள் சோறு தொடவில்லை.

டாக்டர் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் வட்டம் வட்டமாகப் போட்டு, ஒன்றை மட்டும் பேனாவால் நிரப்பினார். ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்களில் ஒன்று வயதான காலத்தில் மாறி, மற்றவற்றை முந்திப் பெருகுகிறது. 70 தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்காவது இருக்குமாம்.

"காட்டுல கோரை வந்த மாதிரிங்களா டாக்டர்? வெள்ளாமை இன்னும் கெடலீங்களே?" என்றார் அப்புச்சி.

"அதேதானுங்க ஐயா." ரத்த எண்ணிக்கை சரியாக இருக்கும்வரை இது புற்றுநோய் இல்லை, அப்படி மாறுவது வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவு.

டாக்டர் அதிகம் பேசியது இதயத்தைப் பற்றி. எங்களுக்கு அதுதான் புதிது. மாறிய செல்லிலிருந்து வரும் வெள்ளை அணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் அழற்சியைக் கிளப்பி அடைப்பை வளர்க்கின்றன. இது உள்ளவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2017-இல் வந்த ஆய்வு சொல்கிறது. இந்த மாற்றத்தை அழிக்க மருந்து இல்லை. பி.பி., சர்க்கரை, கொழுப்பைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், பீடியை விட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும்.

மாமாவுக்கும் அம்மாயிக்கும் நானே உட்கார்ந்து அந்த வட்டங்களைக் காட்டினேன். பீடியை விட அப்புச்சிக்கு ஒரு மாதம் ஆனது. அடுத்த பரிசோதனை பொங்கல் கழிந்து, வந்ததும் எழுதுகிறேன்.