ஆண்கள் தினமும் அணிய டெனிம் ஸ்கர்ட்: எப்படித் தேர்ந்தெடுப்பது?

செந்தூல்காரன்:
நண்பர்களே, வீட்டில் கைலி கட்டியே வளர்ந்தவன் நான், கோலாலம்பூர் புழுக்கத்தில் ஜீன்ஸ் ஒத்து வரவில்லை. டெனிம் ஸ்கர்ட் அணிந்தே எல்ஆர்டி ரயில், கடை, சந்தை எல்லாம் போக ஆசை. பெண்கள் பகுதியில் போட்டுப் பார்த்தேன், இடுப்பு சரியாக இருந்தால் பக்கவாட்டில் உப்பி நிற்கிறது. என்ன செய்யலாம்?

தையல்மணி:
தம்பி, பெண்கள் உடையை இடுப்புக்குக் கீழே அகலம் வைத்து வெட்டுவார்கள், அதனால்தான். இடுப்பளவு பார்த்து வாங்குங்கள், பக்கத் தையலைப் பிடித்துவிடலாம். இல்லையென்றால் உங்கள் பழைய ஜீன்ஸின் உள்தையலைப் பிரித்து நடுவில் முக்கோணத் துண்டு வைத்துத் தைக்கலாம், பாக்கெட்டும் ஆழமாகவே இருக்கும். டெனிமுக்கு 16ஆம் எண் ஊசி வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
மூன்று வருடமாக அணிகிறேன். முழங்காலுக்குக் கீழே வரும் நீளம் எடுங்கள், பின்னால் பிளவு கட்டாயம், இல்லையென்றால் படி ஏறவே முடியாது. கனமான 14 அவுன்ஸ் துணி மழையில் நனைந்தால் லேசில் காயாது, மெல்லிய 8 அவுன்ஸ் போதும். அம்மா முதலில் தயங்கினார். இங்கே எல்லா இனத்து ஆண்களும் கட்டும் பெலிக்காட் கைலியின் பெயரே நம் பழவேற்காட்டிலிருந்து வந்ததுதானே அம்மா என்றேன். அப்புறம் அவரே இஸ்திரி போட்டுத் தந்தார்.

செந்தூல்காரன்:
நன்றி அண்ணா! சனிக்கிழமை பழைய ஜீன்ஸோடு தையல் கடைக்குப் போகிறேன்.