மறு: சிஸ்டம் ஃபைல் ரிப்பேர், தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். விண்டோஸ் கணினியின் சிதைந்த முறைமைக் கோப்புகளைச் சரிசெய்யும் ‘சிஸ்டம் ஃபைல் ரிப்பேர்’ வேலைக்கு, நம் கையேட்டில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘முறைமைக் கோப்புப் பழுதுபார்ப்பு’ என்று வைத்தால் போதாதா? கேட்டவுடன் விளங்கும்.

விளங்கும் ஐயா, ஆனால் பிழையாக விளங்கும். ஹட்டனில் என் கடைக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பழுதுபார்ப்பு என்றால் கெட்ட இடத்தைத் தேடிப்பிடித்து, அதை மட்டும் திருத்தி, பழைய பொருளையே திருப்பிக் கொடுப்பது என்றுதான் நினைக்கிறார்கள். சிதைந்த கோப்புக்கு அப்படி எதுவும் நடப்பதில்லை. அதற்குள் யாரும் கைவைப்பதே இல்லை. கெட்டதை அகற்றிவிட்டு நல்ல பிரதி ஒன்றை அந்த இடத்தில் வைக்கிறோம், அவ்வளவுதான். கலைச்சொல்லும் அதைத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

மலையகத்தில் இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி மின்னல். தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் மரம் முறிந்து கம்பியில் விழும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அதுபோல எப்போதாவது ஒன்றும் நடக்கும். வீடுகளில் யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் குறைவு. விண்டோஸ் அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாக நிற்கும். விண்டோஸின் கோப்பு அடுக்குமுறையான என்டிஎஃப்எஸ், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் தன் குறிப்பேட்டைப் பார்த்துக் கோப்பின் பெயர், இடம், அளவு ஆகியவற்றை ஒழுங்குபடுத்திவிடும். கோப்புக்குள் இருக்கும் தரவுக்கு அந்தக் காவல் கிடையாது. அதனால்தான் பட்டியலில் கோப்பு இருக்கிறது, அளவும் சரியாகத் தெரிகிறது, திறந்தால் உள்ளே குப்பை.

இந்த நிலையில் அட்மின் உரிமையோடு, முறைமைக் கோப்புகளைச் சோதிக்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையைக் கொடுக்கிறோம். விண்டோஸ் தன் காவலில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து பெறும் அடையாள எண்) கணக்கிட்டு, இருக்க வேண்டிய பெறுமானத்தோடு ஒப்பிடுகிறது. ஒத்துவராததை, நல்ல பிரதிகளின் களஞ்சியமான வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையில் உள்ள பிரதியைக் கொண்டு மாற்றுகிறது.

ஆகவே நான் முன்வைப்பது: கோப்புப் பிரதியீடு.

சாதாரண தரம் படித்த எவருக்கும் இது கணிதப் பாடத்திலேயே அறிமுகமான சொல். சமன்பாட்டில் பெறுமானத்தைப் பிரதியிடச் சொல்லி வினாத்தாளில் வரும். ‘பிரதி’யும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, புதிதாக ஒட்டவைக்க வேண்டியதில்லை.

> தமிழ்நாட்டில் இதைப் ‘பதிலீடு’ என்போம். அதையே பொதுவாக வைக்கலாமே?

பதிலீடு நல்ல சொல்தான் அண்ணா. ஆனால் அதில் எதை வேண்டுமானாலும் பதிலுக்கு வைக்கலாம். டிஎல்எல் கோப்பு (நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்துவது) காணவில்லை என்று செய்தி வந்ததும், யாரோ நடத்தும் தளத்திலிருந்து அதே பெயரில் ஒன்றை இறக்கி, விண்டோஸின் முறைமைக் கோப்புறையான சிஸ்டம்32இல் போடுகிறார்களே, அது பதிலீடு. கூடவே வைரஸும் வந்து சேரும். மூலக்கோப்பின் அச்சொட்டான பிரதியைத் தவிர வேறெதுவும் அந்த இடத்துக்கு வரக்கூடாது என்பதைப் பிரதியீடு சொல்கிறது. வடசொல் வேண்டாம் என்பவர்கள் ‘படியீடு’ என்றார்கள். எனக்கு மாடிப்படிதான் ஞாபகம் வருகிறது.

அப்புறம், களஞ்சியப் பிரச்சினை. சில வேளை எஸ்எஃப்சி, சிதைந்த கோப்புகளைக் கண்டேன், சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்று கைவிரித்துவிடும். இதைத்தான் யாரும் விளக்குவதில்லை. சிஸ்டம்32இல் நாம் பார்க்கும் கோப்பும் வின்எஸ்எக்ஸ்எஸில் இருப்பதும் பெரும்பாலும் தனித்தனியானவை அல்ல. வட்டில் இருக்கும் ஒரே தரவுக்கு இரண்டு பெயர்கள். தரவு கெட்டால் இரண்டும் சேர்ந்தே கெட்டுப்போகும். அப்போது விண்டோஸோடு வரும் டிஸ்ம் கருவியின் ரெஸ்டோர்ஹெல்த் கட்டளையால் களஞ்சியத்தை முதலில் நிரப்பிவிட்டு, எஸ்எஃப்சியை மறுபடி ஓட்ட வேண்டும். டிஸ்ம் வழக்கமாக விண்டோஸ் அப்டேட்டிலிருந்து எடுக்கும். இணையம் மந்தமான தோட்டப் பக்கங்களில் விண்டோஸ் நிறுவும் யூஎஸ்பியில் உள்ள இன்ஸ்டால் விம் கோப்பைக் காட்டிவிடலாம்.

நல்ல பிரதியே இல்லாதபோது பிரதியீடு என்ற சொல் எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். எனக்கு மறுபக்கமாகத் தோன்றுகிறது. ‘பழுதுபார்ப்பு தோல்வி’ என்றால் ஏன் என்று தெரியாமல் முழிக்க வேண்டும். ‘நல்ல பிரதி இல்லாததால் பிரதியீடு நடக்கவில்லை’ என்றால் அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்பது அந்த வரியிலேயே இருக்கிறது.

களஞ்சியத்துக்குத் ‘தவறணை’ என்று பதுளைத் தங்கச்சி எழுதியதை மிகவும் ரசித்தேன். மலையில் பட்டுப்போன தேயிலைச் செடியின் இடத்துக்குத் தவறணையிலிருந்து, அதாவது நாற்றுமேடையிலிருந்து, கன்று கொண்டுவந்து நடுவதுபோலத்தான் இதுவும். ஆனால் யாழ்ப்பாணத்தில் தவறணை என்றால் கள்ளு விற்கும் இடம். ‘உங்கள் தவறணையை நிரப்புகிறோம், காத்திருக்கவும்’ என்று திரையில் வந்தால் பருத்தித்துறையில் சந்தோஷப்படுவார்கள். மனசில்லாமல்தான் ‘மூலப்பிரதிக் களஞ்சியம்’ என்று எழுதுகிறேன். டிஸ்ம் செய்வது ‘களஞ்சிய மீள்நிரப்பல்’.

பழுதுபார்ப்பு என்ற சொல்லை வீணாக்க வேண்டாம், வட்டைச் சோதிக்கும் கட்டளையான செக்டிஸ்க்குக்குக் கொடுத்துவிடலாம். அது கோப்பு அடுக்குமுறையின் கணக்குவழக்கை உண்மையாகவே திருத்துகிறது. (வட்டே சாகும் நிலையில் இருந்தால் படங்களை வேறிடத்துக்கு எடுத்துவைத்த பிறகுதான் இதை ஓட்ட வேண்டும். கல்யாணப் படம் போய் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.)

‘சிதைந்த கோப்பு’ பற்றித் தகராறு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ‘கரப்ட் ஃபைல்’ என்பதற்கு இயந்திர மொழிபெயர்ப்பு தரும் ‘ஊழல் கோப்பு’ வேறு அலுவலகத்தில் இருக்கட்டும்.

கையேட்டில் இப்படி வரும்: “மின்தடையால் கணினி செயலிழந்த பின் சிதைந்த முறைமைக் கோப்புகள் இருந்தால் கோப்புப் பிரதியீடு செய்க. அது முழுமையடையாவிட்டால் களஞ்சிய மீள்நிரப்பல் செய்து, மீண்டும் பிரதியிடுக.” வீட்டில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள், எங்கே தடுக்கிறது என்று எழுதுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. இன்ஸ்டால் விம் கோப்பு, கணினியில் உள்ள விண்டோஸோடு பொருந்த வேண்டும். வெர்ஷன் (வெளியீடு), எடிஷன் (ஹோம், ப்ரோ போன்ற வகை), பில்ட் (உள் எண்) மூன்றையும் நாம் ‘பதிப்பு’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்தும் இங்கே பல கணினிகளில் அதுதான் ஓடுகிறது, விண்டோஸ் 11 யூஎஸ்பியைச் செருகிவிட்டு டிஸ்ம் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்கிறார்கள். எடிஷனுக்குப் பதிப்பு சரி. மற்ற இரண்டுக்கும் யாராவது சொல் வைத்திருக்கிறீர்களா?