பிளாஸ்மா, பிளேட்லெட் கொடுக்கப் போகிறீர்களா? போய் வந்தவர்கள் சொல்கிறோம்

வருஷத்துக்கு மூன்று முறை ரத்தம் கொடுப்பவர்கள்கூட "மெஷினில் கொடுக்கணும்" என்றதும் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். போன வாரம் ஆபீஸ் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, ரத்தத்த வெளிய எடுத்துட்டுத் திரும்ப உள்ள விடுவாங்களாமே, வேற யாரோடதாவது கலந்துடாதா?" அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் உங்களுடையதையும் சேர்த்து எழுதுங்கள்.

நான் முதலில் கொடுத்தது பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. 2020 ஜூலை 22 அன்று சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் பிளாஸ்மா வங்கி தொடங்கினார்கள். டெல்லிக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாவது. அதற்கு முந்தைய மாதம்தான் எனக்குக் கொரோனா வந்து குணமாகியிருந்தது. எங்கள் தெருவில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். குணமானவரின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் இன்னொருவரைப் பிழைக்க வைக்கலாம் என்று சொன்னபோது வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. ஆகஸ்டில் போனேன்.

ஊசி போடுவதற்கு முன்னால்தான் வேலை அதிகம். எடை, பிரஷர், நாடித்துடிப்பு எல்லாம் பார்த்தார்கள். மஞ்சள் காமாலை வந்ததுண்டா, பச்சை குத்தியிருக்கிறீர்களா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு படிவம் நிறையக் கேள்விகள். பிறகு ஹீமோகுளோபின், ரத்த வகை, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, பால்வினை நோய், மலேரியா ஆகியவற்றுக்கான பரிசோதனை. இரண்டு கைகளிலும் முழங்கை மடிப்பை அழுத்திப் பார்த்து நரம்பு தேடினார்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: உடம்பு நன்றாக இருந்தும் நரம்பு மெலிதாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதில் உங்கள் குறை எதுவும் இல்லை.

ரத்தம் கலந்துவிடுமோ என்ற பயத்துக்குப் பதில் இதுதான். குழாய், பை, ஊசி எல்லாம் சேர்ந்த ஒரே பாக்கெட்டை என் கண் முன்னால் பிரித்து மெஷினில் மாட்டினார்கள். முடிந்ததும் மொத்தமாகக் கழற்றிக் குப்பையில் போட்டார்கள். ரத்தம் அந்தக் குழாயைத் தாண்டி மெஷினின் எந்தப் பாகத்தையும் தொடுவதில்லை. உள்ளே சுற்றுகிற வேகத்தில் கனமான சிவப்பணு ஒரு பக்கம் ஒதுங்கும், பிளாஸ்மா பிரிந்து பைக்குப் போகும், மீதி ரத்தம் அதே ஊசி வழியே உங்களுக்கே திரும்பும்.

கையில் கட்டிய பட்டை இறுகும்போது ஸ்பாஞ்ச் பந்தை அழுத்த வேண்டும். தளரும்போது கையைச் சும்மா விட வேண்டும். இரண்டு சுற்றிலேயே பழகிவிடும். மூன்றாவது சுற்றில் உதட்டோரம் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. வாயைத் துடைத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற டெக்னீஷியன் அம்மா பார்த்துவிட்டார். "உதடு மரத்தாப்ல இருக்கா சார்? சொல்லணும்ல?" என்றவர், மென்று சாப்பிட இரண்டு கால்சியம் மாத்திரை கொடுத்து, மெஷின் வேகத்தையும் குறைத்தார். குழாயில் ரத்தம் உறையாமலிருக்க சிட்ரேட் சேர்க்கிறார்கள். அது ரத்தத்தோடு திரும்பி உடம்புக்குள் வந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது இது. ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. தாங்கிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். ஏ.சி. அறையில் திரும்பி வரும் ரத்தமும் கொஞ்சம் ஆறியே வருவதால் குளிரும். ஒரு சால்வை எடுத்துப் போங்கள்.

கடைசியில் பையைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள். செக்கில் ஆட்டித் தெளிந்த கடலை எண்ணெயின் நிறம். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

அந்த சிகிச்சை என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வில், பிளாஸ்மா கொடுத்ததால் இறப்பு குறையவில்லை என்று தெரிந்தது. 2021 மே மாதம் சிகிச்சை வழிமுறையிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பை யாருக்குப் போனதோ, அவர் பிழைத்தாரோ இல்லையோ. ஒரு உயிரைக் காப்பாற்றினேன் என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் கொடுக்க ஆள் வந்ததால்தானே, பயன்படுமா படாதா என்பதே தெரிந்தது?

அன்று அந்த டெக்னீஷியன் அம்மா, "நரம்பு நல்லா இருக்கு, பிளேட்லெட் கொடுப்பீங்களா?" என்று கேட்டு நோட்டில் என் நம்பரை எழுதிக்கொண்டார். பிளேட்லெட் என்பது ரத்தம் உறைய உதவும் சிறு அணுக்கள். அடுத்த வருஷம் அக்டோபரில் போன் வந்தது. ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு. அதிலிருந்து 11 முறை கொடுத்துவிட்டேன். டெங்கு சீசனில் மட்டும் பிளேட்லெட் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். டெங்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதே இல்லை. வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பது புற்றுநோய் வார்டுகள்தான்.

ஒருமுறை மட்டும் கெட்ட அனுபவம். ஒரு தனியார் இடத்தில் அவசரப்படுத்தினார்கள். "சாப்பிடாமகூட வரலாம்" என்றார்கள், அதுவே தவறு. ரத்தம் திரும்பும்போது கை சுரீரென்று வலித்தது. முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். ஊசி நரம்பைத் தாண்டியிருந்தது; ரத்தம் தோலுக்கடியில் இறங்கிப் பத்து நாள் முழங்கை கருநீலமாகக் கிடந்தது. திரும்பும்போது வலித்தால் அந்த நொடியே சொல்லுங்கள். நிறுத்திவிடுவார்கள், அன்றைக்கு ஐஸ் வைத்தால் போதும்.

*

நான் அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறேன். இங்கே பிளாஸ்மாவுக்குப் பணம் தருவார்கள், கார்டில் ஏறிவிடும். நம் ஊரில் 1998 ஜனவரி முதல் ரத்தத்துக்குக் காசு வாங்குவதே தடை என்பதால், ஆரம்பத்தில் எனக்குச் சங்கடமாக இருந்தது. என்னோடு வரிசையில் நிற்பவர்களில் பலர் வாடகை கட்ட வருபவர்கள். அவர்களைத் தப்பாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு உடல் பரிசோதனை உண்டு. விரலில் குத்தி, ரத்தத்தில் புரதம் எவ்வளவு, சிவப்பணு விகிதம் எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பார்கள். ஊதா விளக்கில் விரலைக் காட்டச் சொன்னபோது எதற்கென்று புரியவில்லை. வேறு மையத்தில் கொடுத்துவிட்டு வந்தவர் விரலில் கண்ணுக்குத் தெரியாத மை இருக்கும், அதற்காக. வாரத்துக்கு இரண்டு முறைதான் அனுமதி, நடுவில் 48 மணி நேரமாவது போக வேண்டும். எடையைப் பொறுத்து 690 முதல் 880 மில்லி வரை எடுப்பார்கள். முடிவில் உப்பு நீர் ஏற்றும்போது தோள் வரை ஜில்லென்று ஏறும்.

ஒரே ஒரு முறை கொடுத்துவிட்டு நின்றுவிட்டால் அந்தப் பை மருந்தாகாது. ஆறு மாதத்துக்குள் இரண்டாவது முறை வந்து, பரிசோதனையில் தேறினால்தான் எடுத்துக்கொள்வார்கள். பிறவியிலேயே நோய் எதிர்ப்பு சக்தி இல்லாதவர்களுக்கான இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்து இப்படித்தான் உருவாகிறது. சில மாதம் போனபிறகு, பணத்துக்காக மட்டும் போகவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

*

மதுரையிலிருந்து எழுதுகிறேன். பெண்களுக்காக ஒரு வார்த்தை. தோழியின் அப்பாவுக்குப் பிளேட்லெட் கொடுக்கப் போனேன். ஹீமோகுளோபின் 11.8 என்றார்கள், 12.5 வேண்டுமாம். வரவேற்பறையில் உட்கார்ந்து அழுதேன். டாக்டரைப் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்தேன். வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை வைத்தாள் என் மாமியார். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் 12.9.

அதற்குள் தோழியின் அப்பா வீடு திரும்பிவிட்டார். நான் முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுத்தேன். கேள்வித்தாளில் "பிள்ளை பெற்றிருக்கிறீர்களா" என்று இருந்தால் கோபப்படாதீர்கள். கர்ப்பத்தின்போது சிலருக்கு உருவாகும் ஒருவகை எதிர்ப்பொருள், வாங்குபவரின் நுரையீரலைப் பாதிக்கக்கூடும். அதனால் கேட்கிறார்கள்.

*

ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருக்கிறேன். மேலே அண்ணன் எழுதியது எல்லாம் சரி. நான் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

முந்தின ராத்திரி பரோட்டா சால்னா, பிரியாணி வேண்டாம். கொழுப்பு ஏறினால் பிளாஸ்மா பால் மாதிரி கலங்கிவிடும். ஒன்றரை மணி நேரம் கையை நீட்டி உட்கார்ந்தவரின் பையைத் தூக்கிப் போடுவது எங்களுக்கும் வயிற்றெரிச்சல். காலையில் நாலு இட்லி, இரண்டு டம்ளர் தண்ணீர், அது போதும். ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மூன்று நாள் தள்ளி வரச் சொல்வோம். பிளேட்லெட் கொடுக்க உங்கள் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்குமேல் இருக்க வேண்டும்.

இன்னொன்று, பிளாஸ்மாவை உறைய வைத்து ஒரு வருஷம்கூட வைத்துக்கொள்ளலாம். பிளேட்லெட் ஐந்தே நாள்தான். அதுவும் 20லிருந்து 24 டிகிரிக்குள், பை வைத்திருக்கும் தட்டு ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வாரம் தட்டு காலியாக ஆடிக்கொண்டிருக்கும். வார்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். நோட்டைத் திறந்து ஒவ்வொரு நம்பராகப் போட்டுப் பார்ப்பேன், "ஊர்ல இருக்கேன் மேடம்" என்பார்கள்.

*

மேடம், இந்தப் பொங்கலுக்கு நான் சென்னையில்தான். மாட்டுப் பொங்கலன்று காலை ஒன்பது மணிக்கு வருவதாக எங்கள் ரத்த வங்கியில் சொல்லியிருக்கிறேன். ஆபீஸ் தம்பியும் வருகிறான். முதல் முறை தனியாகப் போகத் தயங்குபவர்கள் யாராவது இருந்தால் எட்டு மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டர் பக்கம் வந்துவிடுங்கள், சேர்ந்தே போகலாம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.