கோபாட் என்றால் வேலி வேண்டாமா?

கேள்வி:
ஓசூரில் நான் பணிபுரியும் உதிரிபாகத் தொழிற்சாலையில், திருகு முடுக்கும் மேசையில் கோபாட் (மனிதருக்கு அருகிலேயே சேர்ந்து வேலை செய்யும் ரோபோ) ஒன்றை நிறுவியிருக்கிறோம். விற்பனையாளர் அதைச் சுற்றிப் பாதுகாப்பு வேலி தேவையில்லை என்றார்; ஆனால் சுழலும் பிட்டை (திருகை முடுக்கும் முனையை) பார்த்து ஆபரேட்டர்கள் கையை நீட்டவே தயங்குகிறார்கள். அவர் கூறியது சரியா?

மறுமொழி 1:
அவர்களின் தயக்கம் நியாயமானது. 2025இல் திருத்தி வெளியிடப்பட்ட, தொழிற்சாலை ரோபோக்களுக்கான பாதுகாப்புத் தரநிலையான ஐஎஸ்ஓ 10218, கூட்டுப்பணி ரோபோ (கோபாட்) என்ற சொல்லையே கைவிட்டு, கூட்டுப்பணிப் பயன்பாடு என்றே பேசுகிறது. ஆகவே ரோபோ, அதன் கையில் பொருத்திய முனைக்கருவி, பணிப்பொருள், அதைப் பிடித்து நிறுத்தும் ஜிக் ஆகிய அனைத்தையும் சேர்த்தே இடர் மதிப்பீடு செய்ய வேண்டும். விற்பனையாளரின் கையேடு அதற்கு ஈடாகாது.

மறுமொழி 2:
எங்கள் லைனில் பிட்டுக்கும் ஜிக்குக்கும் இடையில் விரல் சிக்கக்கூடிய இடைவெளிதான் பெருந்தொல்லையாக இருந்தது. 2016இல் வந்த, கோபாட் பாதுகாப்புக்கான தொழில்நுட்ப ஆவணமான ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066, விரல் அழுந்திச் சிக்கும் நிலைக்கு 140 நியூட்டனையும், கணநேர மோதலுக்கு அதன் இருமடங்கையும் வரம்பாக வைக்கிறது. ஆனால் கூரிய முனையில் விசை குறைவாக இருந்தாலும் அழுத்தம் வரம்பைத் தாண்டிவிடும் என்பதால், பிட்டைச் சுற்றி ஸ்பிரிங் உறை பொருத்தி, விசை, அழுத்த அளவியைக் கொண்டு அளந்த பிறகே வேகத்தை நிர்ணயித்தோம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. குனிந்து வேலை செய்பவரின் முகம் பிட்டின் உயரத்துக்கு வருகிறதே?

மறுமொழி 2:
முகத்தில் மோதலை ஏற்கவே முடியாது. மேசையை உயர்த்துங்கள், இயலாவிட்டால் லேசர் ஸ்கேனர் வைத்து, ஆள் நெருங்கியதும் ரோபோ நிற்கும்படி செய்யுங்கள்.