கூடப் பிறந்த பிள்ளையையும் கோடை முகாமுக்கு அனுப்பியவர்கள் எழுதுங்கள்

நாகர்கோவில், முகாம் வேலைகளில் உதவுபவர்:

மே மாதம் முட்டம் பக்கம் நடக்கும் முகாமுக்குப் பெயர் எழுதத் தொடங்கிவிட்டோம். புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் பிள்ளையை அனுப்ப இப்போது பெற்றோர் அவ்வளவாகத் தயங்குவதில்லை. டாக்டர் சரி என்றால் அனுப்பிவிடுகிறார்கள். அண்ணனையோ தங்கையையோ சேர்த்து அனுப்பச் சொன்னால்தான், "நல்லா இருக்கிய பிள்ளைய எதுக்குக் கூப்பிடுதிய?" என்று கேட்கிறார்கள். நடிகர் பால் நியூமன் 1988-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முகாமில் கூடப் பிறந்தவர்களுக்கும் இடம் உண்டு. அயர்லாந்தில் 1994 முதல் நடக்கும் பாரெட்ஸ்டவுன் முகாமிலும் அப்படித்தான். ஏன் என்பதை நான் சொல்வதைவிட, அனுபவித்தவர்கள் சொன்னால்தான் மனதில் ஏறும். எழுதுங்கள்.

தக்கலை, ஒரு அம்மா:

என் மகனுக்கு ஐந்து வயதில் ஏ.எல்.எல். என்று தெரிந்தது. பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இந்த ரத்தப் புற்றுநோய்தான் அதிகம், மருந்து முழுசாக முடிய இரண்டு மூன்று வருடம் ஆகும் என்றார்கள். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஓட்டம் தொடங்கியது. கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, இறங்கிவிட்டால் ஊருக்குத் திரும்ப முடியாது, ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. அவளை அம்மாச்சியிடம் விட்டேன்.

போன் செய்தால் "தம்பி சாப்பிட்டானா?" என்றுதான் முதலில் கேட்பாள். தனக்கு இது வேண்டும், அது வேண்டும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. என்ன பொறுப்பான பிள்ளை என்று தெருவே பேசியது. பள்ளி ஆண்டு விழாவில் அவள் ஆடியதை நான் வீடியோவில்தான் பார்த்தேன்.

முகாமில் ஒரு சாயங்காலம் கூடப் பிறந்த பிள்ளைகளை மட்டும் தனியாக உட்கார வைத்து ஒரு டாக்டரம்மா பேசினார். கேட்க நினைப்பதைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். என்னென்ன கேள்வி வந்தது என்று பிறகு மகள் சொன்னாள். இது எச்சில் வழியாக ஒட்டுமா? மருந்துச் செலவுக்கு வீட்டை விற்றுவிடுவார்களா? கோபத்தில் தம்பியைச் செத்துப் போ என்று திட்டினேன், அதனால் வந்ததா? என் மகள் எழுதியது: "எனக்கு எப்போது முடி கொட்டும்?"

அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் சமயத்தில் தன் ரிப்பன், கிளிப் எல்லாவற்றையும் சித்தி மகளுக்குக் கொடுத்திருந்தாள். கொடுக்கிற மனசு என்று வீட்டில் எல்லோருக்கும் பெருமை. தம்பியோடு ஒரே தட்டில் தின்றவள், அடுத்தது தனக்குத்தான் என்று மாதக்கணக்கில் மனதுக்குள் வைத்துக்கொண்டே, "தம்பி சாப்பிட்டானா?" என்று கேட்டிருக்கிறாள். இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஒட்டாது, கூடப் படுத்தாலும் ஒரே தட்டில் தின்றாலும் வராது, யாரும் திட்டினதாலும் வராது என்று டாக்டரம்மா ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பதில் சொல்லியிருக்கிறார். ரத்தம் உண்டாகிற மஜ்ஜையில் ஒரு உயிரணு கெட்டுப்போய் நிற்காமல் பெருகுகிறது, அதை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று படம் போட்டுக் காட்டினாராம். இதையே நான் சொல்லியிருந்தால், அம்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பாள். அதே பயம் இருந்த பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்டதால் நம்பினாள். ஊருக்கு வந்ததும் சித்தி வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டு ரிப்பனைத் திரும்ப வாங்கிவிட்டாள். நான் தடுக்கவே இல்லை.

குளச்சல், ஒரு அப்பா:

நான் கடலுக்குப் போகிறவன். முகாம் வேண்டாம் என்றுதான் இருந்தேன், மனைவி பிடிவாதமாக இரண்டு பேரையும் கூட்டிப் போனாள். கடைசி நாள் போய்ப் பார்க்கிறேன், கேரம்போர்டு முன்னால் இரண்டு பயல்களும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இளையவனுக்கு நோய் வந்த பிறகு மூத்தவன் அவனைத் தொட்டதே இல்லை, கேட்டதையெல்லாம் விட்டுக்கொடுத்துவிடுவான். பழைய சண்டை திரும்பி வந்ததைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

குலசேகரம், கல்லூரி மாணவன்:

எல்லோரும் நல்லபடியாக முடிந்ததை எழுதுகிறார்கள். நான் வேறு மாதிரி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு மஜ்ஜை மாற்ற வேண்டும் என்றபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களில் ஒருவருடையது முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். என்னுடையது பொருந்தியது. மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுத்தார்கள். சில நாள் வலி, அவ்வளவுதான், எடுத்த மஜ்ஜை சில வாரத்தில் ஊறிவிடும். உறவுக்காரர்கள் எல்லோரும் "நீதாம்லே அண்ணனக் காப்பாத்தப் போற" என்றார்கள். மாதங்கள் கழித்து நோய் திரும்பியது. அண்ணன் போய்விட்டான்.

அதன் பிறகு என்னிடம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டில் அவன் பெயரைச் சொன்னாலே அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார். அடுத்த வருடம் முகாமிலிருந்து கூப்பிட்டார்கள். அண்ணன் இல்லாத நான் எதற்கு என்று கேட்டேன், உனக்காகத்தான் என்றார்கள். அங்கே ஒரு நர்ஸ் அக்காவிடம், என் மஜ்ஜை சரியில்லையா என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "கீமோவுக்கும் தப்பின பழைய கேன்சர் அணுதான் திரும்ப வளர்ந்தது. நீ கொடுத்தது அவன் உடம்பில் பிடித்து வேலை செய்தது" என்றார். அன்று இரவு அண்ணனைப் பற்றி அந்த அக்காவிடம் பேசிக்கொண்டே இருந்தேன், அவன் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் கீழே பார்க்கப் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது வரைக்கும்.

பிள்ளையை இழந்த வீடுகளிலும் மிச்சப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிடாதீர்கள். முகாம் நடத்துகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

மார்த்தாண்டம், நர்ஸ்:

தம்பி எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்பது நியாயம்.

அனுப்புகிறவர்களுக்கு என் பக்கத்திலிருந்து முக்கியமாக ஒன்று. கோடையில் நம் பக்கம் சின்னம்மை வரும். வீட்டிலோ அடுத்த வீட்டிலோ அம்மை போட்டிருந்தால் மறைக்காதீர்கள். மற்றவர்களுக்குச் சொறிந்து ஆறிப்போகிற அம்மை, கீமோ எடுக்கும் பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்து. அம்மைக்காரரோடு பழகி 21 நாள் ஆகாத பிள்ளை, நன்றாக இருக்கிற அண்ணனாகவே இருந்தாலும், முகாமுக்கு வரக்கூடாது. சிகிச்சையில் இருக்கும் பிள்ளை பழகிவிட்டது தெரிந்தால் அன்றே உங்கள் டாக்டருக்குச் சொல்லுங்கள். தடுக்க மருந்து உண்டு, ஆனால் நாள் கடந்தால் பலன் குறையும்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்ற பேச்சே கிடையாது, வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அதற்கு வண்டி எப்போதும் நிற்கும். கழுத்திலோ கையிலோ லைன், அதாவது மருந்து ஏற்றும் குழாய், போட்ட பிள்ளைகள் கடலில் இறங்குவதில்லை. மெத்தோட்ரெக்சேட் என்கிற கீமோ மருந்து எடுப்பவர்களுக்கு வெயில் சீக்கிரம் தோலைப் பொசுக்கும், அதனால் மணல் விளையாட்டு வெயில் தாழ்ந்த பிறகுதான், முழுக்கைச் சட்டையும் தொப்பியும் கட்டாயம். சாப்பாடு கேட்கவே வேண்டாம், மரச்சீனியும் மீன்குழம்பும் சூடாக, அப்போதே செய்தது. பச்சைக் காய்கறியும் வெளிச் சர்பத்தும் இல்லை.

அருமனை, ஒரு அம்மா:

சிகிச்சையில் இருப்பது இளைய மகள். மூத்தவன் பத்தாவது எழுதியிருக்கிறான். சின்னப் பிள்ளைகள் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்கிறான். கட்டாயப்படுத்தலாமா?

நாகர்கோவில், முகாம் வேலைகளில் உதவுபவர்:

கட்டாயப்படுத்த வேண்டாம் அக்கா. கிரிக்கெட் நடத்த ஆள் இல்லை, உதவிக்கு வருவானா என்று நான் கேட்டதாகச் சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை, உண்மையிலேயே ஆள் தேவை. அந்த வயதுப் பையன்கள் சீட்டில் எதுவும் எழுதமாட்டார்கள், ஸ்டம்பு பிடுங்கி வைக்கும் நேரத்தில்தான் வாய் திறப்பார்கள். குலசேகரம் தம்பி இந்த வருடமும் வருகிறார், அவரோடு சேர்த்துவிடுகிறேன். மகளுடைய கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளும், டாக்டர் கையெழுத்திட்ட படிவமும் மட்டும் முன்னதாக அனுப்பிவிடுங்கள்.