எர்னி ஷேவர்ஸ்: வெறும் கைபலம் மட்டும்தானா?

வலதுகுத்து:
எழுபதுகளின் அமெரிக்க ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் எர்னி ஷேவர்ஸைப் பற்றி, "ஷேவர்ஸுக்குக் குத்தத்தான் தெரியும், குத்துச்சண்டை தெரியாது" என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1977 செப்டம்பர் 29, மேடிசன் ஸ்கொயர் கார்டன். இரண்டாம் சுற்றில் ஷேவர்ஸின் வலது கை இறங்குகிறது, முகமது அலியின் கால்கள் ஆடிப்போகின்றன. உடனே அலி, வேண்டுமென்றே தள்ளாடிக் காட்டுவதுபோல நடிக்கிறார். நிஜமா, நடிப்பா என்று ஷேவர்ஸுக்குப் பிடிபடவில்லை. பாய வேண்டிய நேரத்தில் தயங்கிவிட்டார். ஷேவர்ஸுக்குப் பட்டம் கைநழுவியது அந்தச் சில நொடிகளில்தான்.

கடைசிமணி:
நண்பரே, எதிராளி கலங்கிவிட்டதைக் கண்டுபிடிப்பதும் ஆட்டத்தில் சேர்ந்ததுதானே? 1973 டிசம்பரில் ஜெர்ரி குவாரி அவரை முதல் சுற்றிலேயே முடித்தார். 1975இல் ரான் லைலை ஷேவர்ஸ் இரண்டாம் சுற்றில் கீழே தள்ளினார், சரி. ஆறாம் சுற்றில் விழுந்தது யார்? மூச்சு தாங்காதவர் சாம்பியன் ஆக முடியாது.

வலதுகுத்து:
மூச்சு தாங்காதவரா அலியோடு 15 சுற்றும் நின்றார்? 14ஆம் சுற்றில் அலியை அடித்துத் திணறவைத்தாரே! இத்தனைக்கும் 22 வயதில்தான் அவர் குத்துச்சண்டைக்கே வந்தார். ஜிம்மி எல்லிஸும் கென் நார்ட்டனும் முன்னாள் சாம்பியன்கள். இருவரையும் முதல் சுற்றிலேயே சாய்த்தார்.

ஓரநாற்காலி:
நடுவே ஒன்று சொல்ல வேண்டும். அலியுடனான அந்தச் சண்டையில் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நடுவர்கள் போட்ட புள்ளிகளை டிவியில் அறிவித்தார்கள். அலியின் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ, உள்ளே ஓர் ஆளை டிவி பார்க்க வைத்து, யார் முன்னிலை என்ற நிலவரத்தைத் தெரிந்துகொண்டே இருந்தார். ஷேவர்ஸின் மூலையில் அந்த ஏற்பாடு இல்லை. அப்புறம், அந்த இரவுக்குப் பிறகுதான் அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "இனி சண்டை வேண்டாம்" என்று எழுதி, விலகியும் போனார். அடி எப்படிப்பட்டதென்று அதிலேயே தெரியவில்லையா?

கடைசிமணி:
அடியை யார் மறுத்தது? அலியே வாய்விட்டுச் சொன்ன விஷயம் அது. 1979 செப்டம்பர், லாஸ் வேகாஸ், லாரி ஹோம்ஸுடன் இரண்டாவது சண்டை. ஆறு சுற்றுகள் ஹோம்ஸின் ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) மட்டுமே பேசியது. ஏழாவதில் ஷேவர்ஸின் ஒரே ஒரு வலது கை, ஹோம்ஸ் மல்லாந்து விழுந்தார். எழுந்தவரை முடிக்க வேண்டியதுதானே? ஷேவர்ஸ் கண்மூடித்தனமாக வீசினார், ஹோம்ஸ் தப்பித்தார். 11ஆம் சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தியது ஷேவர்ஸுக்காக.

வலதுகுத்து:
எழுந்தது ஹோம்ஸின் பெருமை, அதில் ஷேவர்ஸின் குறை என்ன இருக்கிறது? அப்படி விழுந்த வேறு யாராவது எழுந்திருப்பார்களா, சொல்லுங்கள்.

கடைசிமணி:
எழுந்திருக்க மாட்டார்கள். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹோம்ஸ் எழுந்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் என் கேள்வி. எட்டாம் சுற்றை ஒருமுறை போட்டுப் பாருங்கள், ஷேவர்ஸின் கைகளை மட்டும் கவனியுங்கள். பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.